காசநோய்க் குளிசையும் மனநல மருந்தும் ஒரே ஆளுக்குப் போகிறதா? முதலில் இதை வாசியுங்கள்

உங்கள் வீட்டில் ஒருவர் வருடக்கணக்காக மனநல கிளினிக்கில் மருந்து எடுத்து நல்லபடியாக இருக்கிறார், அவருக்கே இப்போது சளியில் காசநோய்க் கிருமி என்று சொல்லிவிட்டார்கள் என்றால், முதல் குளிசை வாய்க்குள் போவதற்கு முதல் இரண்டு கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டு இரண்டு டொக்டர்மாருக்கும் காட்டுங்கள். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணா அந்தப் பாடு பட்டிருக்க மாட்டார், அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அண்ணாவுக்கு வருத்தம் தொடங்கியது மெனிக் பாம் முகாமில். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த எத்தனையோ பேருக்கு நித்திரை இல்லாமல் இருந்தது, அதனால் முதலில் அவரையும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு தன்னைப் பற்றி யாரோ பேசுவது கேட்கிறது என்றார், சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மீள்குடியேறி ஊருக்கு வந்த பிறகுதான் மனநல கிளினிக்கில் காட்டி மருந்து தொடங்கியது. ரிஸ்பெரிடோன் குளிசை. அது பிடித்துக்கொண்டது. காலபோகத்துக்கு வயல், மற்ற நாளில் மேசன் வேலைக்குக் கையாள், பின்னேரத்தில் வாசிகசாலைப் பக்கம் கரம் விளையாட்டு என்று பல வருடம் அவர் எங்களைவிட ஒழுங்காக இருந்தார். மாதம் ஒருதரம் கிளினிக், இரவில் குளிசை, அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அவருக்கு வருத்தம் என்றே தெரியாது.

இருமல் வந்தபோது தூசி என்றுதான் நினைத்தோம், சீமெந்துக்குள் நிற்கிற ஆள். பாமசியில் பாணி வாங்கிக் குடித்தார். குறையவில்லை. பிறகு தனியார் கிளினிக் ஒன்றில் அன்ரிபயோற்றிக், அது முடிய வேறொரு அன்ரிபயோற்றிக், பிறகு ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று பம்ப். வவுனியாவுக்குப் போய் ஒரு கன்சல்டனைச் சனல் பண்ணினோம், எக்ஸ்ரே, இரத்தம், இன்னொரு பை நிறைய மருந்து. வான் கூலியும் சேர்த்து 70,000 ரூபாவுக்குக் கிட்டப் போய்விட்டது. அவ்வளவு இடத்திலும் ஒருவராவது சளியைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. இரவில் சேட் பிழியலாம் போல வேர்க்கும், காற்சட்டைக்குக் கயிறு கட்டுகிற அளவுக்கு மெலிந்துவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல மாதுதான் வேலிக்கு அங்கால் நின்று அந்த இருமலைக் கேட்டுவிட்டு, “எத்தனை நாளாய் இப்பிடி? முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சளி குடுங்கோ” என்றார். அந்தச் சோதனைக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அரச ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள், சனலிங் எல்லாம் பிறகு பார்க்கலாம். காசநோய்க்கு இலங்கையில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

சளி கொடுப்பதிலும் ஒரு விசயம் இருக்கிறது. மூடியுள்ள சின்னப் போத்தல் ஒன்று தருவார்கள். காலையில் எழும்பியவுடன், தேத்தண்ணி குடிக்க முதல், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, முற்றத்தில் காற்றுப் படுகிற இடத்தில் நின்று, நன்றாக மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் இருந்து காறி எடுக்க வேண்டும். அண்ணா முதல் கொடுத்தது வெறும் எச்சில், மிஸி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தால் அது எச்சில், சளி என்றால் தடிப்பாகத் தொங்கி நிற்கும். இதைச் சரியாகச் செய்யாமல் கொடுத்தால் கிருமி இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

கிருமி இருக்கிறது என்று முடிவு வந்த அன்று அம்மா எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “கசம் எண்டு வெளியில மூச்சும் விடாதையுங்கோ.” அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய சித்தப்பா ஒருவரைச் சின்ன வயதில் காங்கேசன்துறை காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கடற்காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும்தான் வைத்தியம் என்று இருந்த காலத்தின் மிச்சம் அந்த இடம். உறவுக்காரர் தூர நின்று பார்த்துவிட்டு வருவார்களாம், அவருடைய கோப்பையும் பாயும் பிறகு ஒருவரும் தொடவில்லையாம். 1990இல் மறுபடி சண்டை தொடங்கி வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, அந்தக் கரை உயர்பாதுகாப்பு வலயமானதோடு ஆஸ்பத்திரியின் கதையும் முடிந்தது. கட்டடம் போய்விட்டது, ஆனால் ‘சனட்டோரியம்’ என்றவுடன் அம்மாவின் முகம் மாறுவது போகவில்லை. கொழும்புப் பக்கம் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் அது ஓர் ஊரின் பெயராக இல்லை, ஆளை ஏசுகிற சொல்லாகத்தான் இருக்கிறது. அம்மாவின் கணக்கில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயரும் வந்துவிட்டது. எனக்கும் வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆகவே காசநோய்ப் பக்கம் அண்ணாவின் மனநல மருந்தைப் பற்றியும், மனநலப் பக்கம் காசநோயைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பயத்தை அவர் தானாக உண்டாக்கவில்லை.

மருந்து தொடங்கியது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த குளிசை, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து சேர்ந்தது, வெறும் வயிற்றில், எத்தனை குளிசை என்பது ஆளின் நிறையைப் பொறுத்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய் அவர்களுக்கு முன்னாலேயே விழுங்க வேண்டும். அண்ணா சைக்கிளில் போய் வந்தார். இரண்டாம் கிழமையே வேர்வை குறைந்து, சோறு கேட்டுச் சாப்பிட்டார். ஆனால் முதல் நாளே ஒரு பயம் பிடித்துவிட்டது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், வேர்வை, கண்ணீர்கூட நிறம் மாறும். அது சாதாரணம், ஒன்றும் செய்யாது. கிளினிக்கில் இதைச் சொன்னார்களாம், ஆனால் அண்ணாவின் மனதில் அது பதியவில்லை. கக்கூசில் இருந்து வெளியே வந்து சுவரில் கை வைத்தபடி நின்றார். இரத்தம் போகிறது என்று நினைத்துவிட்டார். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்த நிறத்தை முதலே சொல்லி, இரண்டாம் நாளும் சொல்லி, மூன்றாம் நாளும் சொல்லுங்கள்.

மூன்றாம் நான்காம் கிழமையளவில் நித்திரை போனது. நடுச்சாமத்தில் முற்றத்தில் நடப்பார், கிணற்றடியில் போய் நிற்பார், நாய் குரைக்கும், நான் எழும்பிப் போவேன். “தங்கச்சி, இந்தக் குளிசை என்ர இரத்தத்தை வடிக்குது, அவங்கள் எனக்குத் தெரியாமல் எடுக்கிறாங்கள்” என்றார் ஒரு நாள். பல வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலை மறுபடி கேட்டபோது எனக்குக் கால் நடுங்கியது. இரவுக் குளிசையை ஒழுங்காகத்தான் போடுகிறார், நான் பக்கத்தில் நின்று தண்ணி கொடுக்கிறேன், அப்படியிருக்க ஏன் இப்படி என்று விளங்கவே இல்லை. கொஞ்ச நாளில் காசநோய்க் குளிசைக்குப் போக மறுத்தார். ஒரு நாள் போவார், இரண்டு நாள் போகமாட்டார். உறவுக்காரர் செய்வினை என்றார்கள். மாமி கூட்டி வந்த ஒருவர் எலுமிச்சம்பழம் வெட்டி, தகடு எடுத்து, 35,000 ரூபா வாங்கிக்கொண்டு போனார். தாலிக்கொடி அடகுக்குப் போனது அதற்குத்தான். வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன், அதில்தான் அம்மாவின் மனம் கொஞ்சம் ஆறியது, காசும் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, சிறுபோகத்துக்குப் புல்லுப் பிடுங்க ஆள் போகவில்லை, நான் வேலைக்கு லீவு போட்டுச் சம்பளம் வெட்டுப்பட்டது. எல்லாவற்றையும்விட, அண்ணா என்னையே சந்தேகமாகப் பார்த்த அந்தப் பார்வையை எந்தக் கணக்கில் எழுதுவது.

குளிசை தவறியதால் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு படலைக்கு வெளியே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அம்மா உள்ளே இருந்து கூப்பிடக் கூப்பிட. அவர் ஏசவில்லை. “இரண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே மனநல கிளினிக்குக்குப் போங்கோ, கிளினிக் நாள் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிராதேங்கோ” என்றார். போனோம். அங்கே இருந்தவர் இளம் டொக்டர். ரிஸ்பெரிடோன் கொப்பியைப் பார்த்தார், காசநோய் அட்டையைப் பார்த்தார், இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இது தொடங்கி எவ்வளவு நாளைக்குப் பிறகு நித்திரை குழம்பினது?” என்று கேட்டார். நான் சொன்னதும் தலையாட்டினார்.

அவர் விளக்கியது இதுதான். ரிஃபாம்பிசின் போகத் தொடங்கினால் ஒன்றிரண்டு கிழமைக்குள் ஈரல் வேறு பல மருந்துகளை வழமையைவிட வேகமாக உடைத்து வெளியேற்றத் தொடங்கும். “குளத்துத் துருசைத் திறந்துவிட்டால் மேலே எவ்வளவு வந்தாலும் நிற்குமா, அப்பிடித்தான்” என்றார். ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல், குவெட்டியாபின், குளோசபின் என்ற மனநல மருந்துகள் எல்லாம் இதில் அகப்படும், குவெட்டியாபின் அனேகமாக இல்லாமலே போய்விடும். அதாவது அண்ணா விழுங்கியது முழுக் குளிசை, உடம்பில் நின்றது அதில் ஒரு பங்குதான். இன்னொன்றும் சொன்னார். ஐசோனியாசிட் என்ற மற்றக் காசநோய் மருந்து சிலருக்கு, அதுவும் முன்பு மனநோயே இல்லாத சிலருக்கு, அரிதாக மனதைக் குழப்பும். அந்த மருந்து நரம்பைப் பாதிக்காமல் இருக்கத்தான் கூடவே பி6 விட்டமின் தருவது, அந்தச் சின்னக் குளிசையைத் தேவையில்லை என்று விடக்கூடாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கிற சைக்ளோசெரின் இன்னும் கூடுதலாகக் குழப்பும். அவர் அங்கேயே மற்ற டொக்டருக்குப் போன் எடுத்தார். அண்ணாவைக் கொஞ்ச நாள் வார்ட்டில் வைத்து, காசநோய்க் குளிசையை நிறுத்தாமல், ரிஸ்பெரிடோனைப் படிப்படியாகக் கூட்டினார்கள். நித்திரை வந்தது. பிறகு சந்தேகம் போனது. சளியைத் திரும்பச் சோதித்தபோது கிருமி இல்லை.

வார்ட்டில் நின்ற அந்த இரவுகளில் போனில் இதைப் பற்றியே தேடித் தேடி வாசித்தேன். முந்தி இந்த இரண்டு வருத்தத்துக்கும் மதில் கட்டின ஆஸ்பத்திரிதான் முடிவு. சில நாடுகளில் இரண்டையும் ஒரே வளவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், மனநோய் ஆஸ்பத்திரிகளில் நெரிசலுக்குள் ஆட்களைக் கூடுதலாகக் கொன்ற வருத்தங்களில் காசநோயும் ஒன்று. நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கவென்று நெஞ்சுக்குள் காற்று ஏற்றினார்கள், விலா எலும்பை வெட்டி எடுத்தார்கள். 1943இல் காசநோய்க்கான முதல் மருந்துகளில் ஒன்றான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார்கள். 1952 பெரிய வருடம். நியூயோர்க்கில் சீவியூ என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் ஐசோனியாசிட்டையும் அதன் உறவான இப்ரோனியாசிட்டையும் கொடுத்துப் பார்த்தபோது, எழும்ப முடியாமல் கிடந்தவர்கள் வார்ட்டுக்குள் ஆடிப் பாடியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு வந்த முதல் மருந்துகளில் ஒன்று அந்த இப்ரோனியாசிட். அதே 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக, காசநோய் மருந்து மனதைத் தொடும் என்பது எழுபது வருடத்துக்கு முதலே தெரிந்த விசயம். அது எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இன்னொன்றை வாசித்தபோது அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. 1956இல் தொடங்கி மதராசில் ஓர் ஆய்வு செய்தார்கள். நெரிசலான ஏழை வீடுகளில் இருந்த காசநோயாளரில் ஒரு பகுதியினரைச் சனட்டோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சுகமானார்கள், வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தவருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சனட்டோரியங்கள் மூடப்பட அந்த முடிவும் ஒரு காரணம். சீவியூவும் 1961இல் காசநோய் ஆஸ்பத்திரியாக இருப்பதை நிறுத்தியது. மதில் போனது நல்லது. ஆனால் மதிலுக்குள் இருந்தபோது ஒரே டொக்டர், ஒரே அட்டை. இப்போது நோயாளி வீட்டில், கிளினிக் இரண்டு, கொப்பி இரண்டு, ஒன்றை மற்றதோடு சேர்த்துப் பார்க்க வீட்டு ஆளைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காசநோய் மருந்து தொடங்குகிற அன்றே, போகிற எல்லா மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மனநல மருந்து மட்டும் இல்லை, வலிப்பு மருந்து, சீனி வருத்தக் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற வார்ஃபரின், பெண்கள் எடுக்கிற கருத்தடைக் குளிசை எல்லாவற்றையும் ரிஃபாம்பிசின் குழப்பும். கருத்தடைக் குளிசையை நம்பியிருக்கிற பெண்கள் வேறு முறையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மனநல கிளினிக்குக்கு அடுத்த மாதத் திகதி வரும்வரை நிற்காமல் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். நித்திரை குறைவது, சந்தேகம், தனியே கதைப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள். இரவில் கஷ்டமாக இருந்தால் 1926க்கு எடுத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும், ஆபத்தான நிலை என்றால் 1990 அம்புலன்ஸ். நீங்களாக எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். காசநோய்க் குளிசையை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், பிறகு படும் பாடு இதைவிடப் பெரிது. கண் மஞ்சளாவது, ஓயாத சத்தி என்றால் அது ஈரல், உடனே ஆஸ்பத்திரி.

கோப்பை, பாய், உடுப்பு எதையும் பிரிக்கத் தேவையில்லை. இது காற்றால் பரவுகிற வருத்தம். மருந்து ஒழுங்காகப் போனால் அனேகமாக இரண்டு கிழமையளவில் தொற்றுகிற தன்மை நன்றாகக் குறைந்துவிடும், அதுவரை யன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் சோதனைக்குப் போங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவில் காசநோயாளருக்கான உதவிப்பணம் பற்றிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம், அது எங்கள் உரிமை. எங்களுக்கு அது தெரிய வந்தபோது மருந்து பாதி முடிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, இதை அந்த இளம் டொக்டர் முதலே சொல்லி வைத்ததால் தப்பினோம். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றவுடன் ஈரல் மெல்ல மெல்லப் பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்போது கூட்டி வைத்த மனநல மருந்து உடம்பில் அளவுக்கு மிஞ்சி நிற்கும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், வாயில் எச்சில் வழியும், நாள் முழுக்கத் தூக்கம் அடிக்கும். ஆகவே காசநோய் மருந்து முடிகிற திகதியை மனநல கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள், அந்தக் கிழமையே கொண்டு போய்க் காட்டுங்கள். அண்ணாவுக்கு அடுத்து வந்த கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தார்கள். இந்தக் காலபோகத்துக்கு அவர்தான் விதைத்தார்.